வேதியியலோடு விழுமியமும்: மேல்நிலை வகுப்பு ஆண்டுத் திட்டம் பற்றி ஆசிரியர்கள் கேட்கும் கேள்விகள்

தமிழ்நாட்டில் பிளஸ் ஒன், பிளஸ் டூ வகுப்புகளுக்கு வேதியியல் எடுக்கும் ஆசிரியர்களுக்காக எழுதப்பட்டது இது. பாடநூலையும் தேர்வையும் அப்படியே வைத்துக்கொண்டு, அதே பாடத்துக்குள் நேர்மை, பிறர் உயிர்மேல் அக்கறை, மண்ணும் நீரும் பற்றிய பொறுப்பு, சக மனிதர் மேல் மதிப்பு ஆகியவற்றை எப்படித் திட்டமிட்டுக் கற்பிப்பது என்பதே இங்குள்ள கேள்விகளின் மையம்.

நன்னெறிக்குத் தனிப் பாடவேளை இருக்கும்போது வேதியியலில் எதற்கு விழுமியம்?

நன்னெறி வகுப்பில் உண்மையின் பெருமையைக் கேட்டுவிட்டு வரும் மாணவி, அடுத்த பாடவேளையில் ஆய்வகத்தில் பக்கத்து மேசைத் தோழியின் பியூரெட் (கரைசலை அளந்து சொட்டவிடும் குழாய்) அளவீட்டைத் தன் நோட்டில் எழுதிக்கொள்கிறாள். அவளுக்கு அது பொய்யாகவே படுவதில்லை. நமக்கும் பெரும்பாலும் படுவதில்லை. ஆய்வகம் தினமும் ஏதோ ஒரு நடத்தையைப் பிள்ளைகளிடம் பழக்கிக்கொண்டுதான் இருக்கிறது. எதைப் பழக்க வேண்டும் என்று ஜூன் மாதமே யோசித்து வைப்பதுதான் நாம் செய்யக்கூடியது.

இன்னொரு காரணமும் உண்டு. பாலாற்றில் தோல் ஆலைக் கழிவு, நொய்யலில் சாயக் கழிவு, கொடைக்கானலில் பாதரசம், சிவகாசியில் பட்டாசு என நம் மாநிலத்தின் பெரிய பொதுப் பிரச்சினைகள் பலவற்றின் அடியில் வேதியியல் இருக்கிறது. அவற்றைப் புரிந்துகொள்ளும் அறிவைத் தருகிற நாமே அவற்றைப் பற்றிப் பேசாமல் விட்டால், வேறு எந்தப் பாட ஆசிரியராலும் அந்த இடத்தை நிரப்ப முடியாது.

எந்த விழுமியங்கள்? பல சமயத்தார், பல கட்சியினர் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் இதை யார் முடிவுசெய்வது?

அரசியலமைப்பின் 51ஏ பிரிவிலிருந்து தொடங்குங்கள். 1976-இல் 42-ஆவது திருத்தத்தின் மூலம் சேர்க்கப்பட்ட அடிப்படைக் கடமைகளில், காடு, ஏரி, ஆறு உள்ளிட்ட இயற்கைச் சூழலைக் காப்பதும் உயிர்களிடம் இரக்கம் கொள்வதும் ஒன்று. அறிவியல் மனப்பான்மை, மனிதநேயம், கேள்வி கேட்டு ஆராயும் உணர்வு ஆகியவற்றை வளர்ப்பது மற்றொன்று. எல்லாக் குடிமக்களுக்கும் பொதுவானவை இவை. பெற்றோர் கூட்டத்தில் யாராவது கேட்டால் தயங்காமல் எடுத்துக்காட்டலாம்.

எண்ணிக்கையைக் கூட்டாதீர்கள். பத்துப் பதினைந்து விழுமியங்களைப் பட்டியலிட்ட திட்டம் பாடக்குறிப்பேட்டில் அழகாக இருக்கும். வகுப்பறைக்குள் ஒன்றும் வந்து சேராது. தொடக்கத்தில் சொன்ன நேர்மை, அக்கறை, பொறுப்பு, மதிப்பு ஆகிய நான்கு போதும்.

ஆண்டுத் திட்டத்தை எங்கிருந்து தொடங்குவது?

இரண்டு வகுப்புகளிலும் பதினைந்து அலகுகள் வீதம் இருக்கின்றன. பாடநூலைப் புரட்டி, எந்த அலகில் ஒரு மனிதக் கேள்வி தானாகவே எழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். தானாக எழாத இடத்தில் திணிக்க வேண்டாம். குவாண்டம் எண்களுக்கும் ஒற்றுமை உணர்வுக்கும் முடிச்சுப் போடுகிற பாடக்குறிப்புகள் உண்டு. பிள்ளைகள் அந்தச் செயற்கையை உடனே கண்டுகொள்வார்கள், பிறகு உண்மையான இடத்தில் நாம் பேசினாலும் காதில் வாங்க மாட்டார்கள்.

என் தேர்வு இது. பிளஸ் ஒன்னில் வேதிச்சமநிலை, கரைசல்கள், ஹாலோ ஆல்கேன்கள், சுற்றுச்சூழல் வேதியியல். பிளஸ் டூவில் பி-தொகுதி, இடைநிலைத் தனிமங்கள், வேதிவினை வேகவியல், ஹைட்ராக்ஸி சேர்மங்கள். இவற்றோடு இரண்டு ஆண்டும் ஆய்வகம். ஓர் அலகுக்கு ஒரே நிகழ்வு, அதற்கு அதிகம் போனால் ஒன்றரைப் பாடவேளை. வேதியியலை முழுதாக நடத்தி முடித்த பிறகே நிகழ்வுக்குப் போக வேண்டும். வினை புரியாத பிள்ளையால் அறம் பற்றி வெறும் கருத்துத்தான் சொல்ல முடியும்.

ஓர் அலகை எடுத்து விளக்க முடியுமா?

வேதிச்சமநிலையை எடுத்துக்கொள்வோம். லீ சாட்லியர் தத்துவத்துக்கு (சமநிலையைக் குலைக்கும் மாற்றத்தை எதிர்க்கும் பக்கமாக வினை நகரும் என்பது) எல்லோரும் சொல்லும் எடுத்துக்காட்டு காற்றின் நைட்ரஜனிலிருந்து அம்மோனியா தயாரிப்பு. ஃபிரிட்ஸ் ஹேபர் 1909-இல் ஆய்வகத்தில் செய்து காட்டினார். கார்ல் போஷ் அதைத் தொழிற்சாலை அளவுக்கு வளர்த்தார். 1913-இல் ஜெர்மனியின் ஒப்பாவ் நகரில் ஆலை ஓடத் தொடங்கியது. இன்று நம் வயலில் விழும் யூரியா வரை அந்த வினையின் தொடர்ச்சிதான்.

அதே அம்மோனியாவிலிருந்து நைட்ரிக் அமிலம், அதிலிருந்து வெடிமருந்து. முதல் உலகப் போரில் ஜெர்மனிக்கு அது கைகொடுத்தது. 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர போர்முனையில் குளோரின் வாயுவைத் திறந்துவிட்ட தாக்குதலை முன்னின்று நடத்தியவரும் ஹேபர்தான். 1918-ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு அவருக்குத்தான் கொடுக்கப்பட்டது. யூதக் குடும்பத்தில் பிறந்த அவர் 1933-இல் நாஜி ஆட்சியில் ஜெர்மனியை விட்டே போக நேர்ந்தது.

இதைச் சொல்லிவிட்டு 'ஹேபர் நல்லவரா கெட்டவரா' என்று கேட்காதீர்கள். அது பட்டிமன்றத் தலைப்பு. கேள்வியைக் கூர்மையாக்குங்கள்: வினையைக் கண்டுபிடித்தவர், அதைப் போருக்குப் பயன்படுத்த முன்வந்தவர், ஆணையிட்ட அரசு, ஆலையில் வேலை பார்த்த தொழிலாளி ஆகியோரில் யாருக்கு எவ்வளவு பொறுப்பு? நைட்ரஜன் பிணைப்பை உடைக்கும் அறிவை ஒருவர் மறைத்து வைத்திருக்க முடியுமா? அப்படி மறைத்திருந்தால் பட்டினி கிடந்திருக்கக்கூடிய மக்களுக்கு யார் பதில் சொல்வது? ஈப்ரவுக்குப் பின் வேதி ஆயுதங்களைத் தடைசெய்யும் உடன்படிக்கை நடைமுறைக்கு வர 1997 வரை ஆனது என்பதையும் கூடவே சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஹேபரின் மனைவி கிளாரா இம்மெர்வாரும் வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றவர். ஈப்ர தாக்குதலுக்குச் சில நாள்களுக்குப் பின் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். அதை உருக்கமான நீதிக்கதையாக்கி வகுப்பில் சொல்லும் வழக்கம் இருக்கிறது. பதினாறு வயதுப் பிள்ளைகள் முன் தற்கொலையை எதிர்ப்பின் அடையாளமாக உயர்த்திப் பேசக் கூடாது. கிளாராவை அவர் படித்த படிப்புக்காகவும், பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு திறக்காத காலத்தில் உள்ளே போன துணிவுக்காகவும் அறிமுகப்படுத்துங்கள்.

டைட்ரேஷன் அளவீட்டைப் 'பொருத்தி' எழுதும் பழக்கத்தை எப்படி நிறுத்துவது?

என்னைப் பொறுத்தவரை இந்தப் பக்கத்தில் உள்ள எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி இது. ஆண்டுத் திட்டத்தில் ஒன்றே ஒன்றைத்தான் மாற்ற முடியும் என்றால் இதை மாற்றுங்கள்.

டைட்ரேஷன் என்பது ஒரு கரைசலைச் சொட்டுச்சொட்டாகச் சேர்த்து, வினை முடியும் இடத்தில் எவ்வளவு செலவானது என்று அளப்பது. திரும்பத் திரும்பச் செய்து ஒத்த அளவீடு பெற வேண்டும். முதல் அளவீடு 18.4 மில்லி, இரண்டாவது 18.9. மூன்றாவது முறை செய்ய நேரமில்லை, கரைசலும் தீர்ந்துவிட்டது. பிள்ளை இரண்டாவதை அழித்து 18.4 என்று எழுதி, 'ஒத்த அளவீடு 18.4' என்று முடிக்கிறது. ஏன்? உண்மை எழுதியவருக்கு மதிப்பெண் குறைந்ததையும், பொருத்தி எழுதியவருக்கு முழு மதிப்பெண் கிடைத்ததையும் அது கண்ணால் பார்த்திருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு அறிவுரை சொல்லிப் பயனில்லை. நாம் மதிப்பெண் போடும் முறைதான் பொய்யைக் கேட்டு வாங்குகிறது.

பொதுச் செய்முறைத் தேர்வின் மதிப்பெண் முறை நம் கையில் இல்லை. ஆண்டு முழுக்க நடக்கும் பயிற்சி நம் கையில் இருக்கிறது. அங்கே இவற்றைச் செய்யலாம்.

அளவீடுகள் பேனாவில், அப்சர்வேஷன் நோட்டில், பியூரெட் பக்கத்தில் நின்றபடியே எழுதப்பட வேண்டும். துண்டுத்தாளில் குறித்துக்கொண்டு பிறகு நோட்டில் ஏற்றும் வழக்கம் வேண்டாம். தவறாகிவிட்டால் ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் காரணம் எழுதலாம்: 'முடிவுநிலையைத் தாண்டிவிட்டேன்', 'குமிழி இருந்ததைக் கவனிக்கவில்லை'. வேறுபட்ட அளவீட்டை மறைக்காமல் எழுதி, காரணத்தையும் சொன்ன பிள்ளைக்குப் பயிற்சி வகுப்பில் முழு மதிப்பெண் கொடுங்கள். முதல் மாதம் யாரும் நம்ப மாட்டார்கள். ஒருவருக்கு நீங்கள் கொடுத்ததைப் பார்த்த பிறகு மற்றவர்களும் நம்புவார்கள்.

அடுத்தது, கரைசலைச் சற்றே வேறுபட்ட இரண்டு மூன்று செறிவுகளில் தயாரித்து, புட்டிகளில் எண் மட்டும் எழுதி வையுங்கள். பக்கத்து மேசையின் எண் அப்போது பயன்படாது. இது பிள்ளைகளைப் பிடிப்பதற்கான பொறி என்று அவர்கள் நினைத்துவிடக் கூடாது. முன்கூட்டியே அறிவித்துவிட்டுச் செய்யுங்கள்.

ஒரு முறையாவது, ஒரே கரைசலில் வகுப்பு முழுவதும் எடுத்த அளவீடுகளைக் கரும்பலகையில் எழுதுங்கள். எண்கள் ஒரு நடுப்பகுதியைச் சுற்றிப் பரவி நிற்பதைப் பிள்ளைகள் பார்ப்பார்கள். சிதறல் இயல்பானது, முப்பது பேருக்கும் ஒரே எண் வந்தால்தான் சந்தேகப்பட வேண்டும் என்பதை அவர்களே சொல்ல ஆரம்பிப்பார்கள்.

இங்கே ஆர்கானின் கதையைச் சொல்ல வேண்டும். ராலே பிரபு 1890-களில் நைட்ரஜனின் அடர்த்தியை அளந்துகொண்டிருந்தார். காற்றிலிருந்து பிரித்த நைட்ரஜன் லிட்டருக்குச் சுமார் 1.257 கிராம் எடை இருந்தது. அம்மோனியா போன்ற சேர்மங்களிலிருந்து எடுத்தது 1.251 கிராம்தான். வித்தியாசம் அரை சதவீதம். நம் ஆய்வகத்தில் அதை 'சோதனைப் பிழை' என்று எழுதி முடித்திருப்போம். அவர் விடவில்லை, வெளிப்படையாக எழுதி மற்றவர்களிடமும் காரணம் கேட்டார். வில்லியம் ராம்சேவும் அவரும் சேர்ந்து 1894-இல் ஆர்கானை அறிவித்தார்கள். தனிம வரிசை அட்டவணைக்கு அதன்பின் ஒரு புதிய தொகுதியே கிடைத்தது. ராலே அந்த எண்ணைப் பொருத்தி எழுதியிருந்தால் அந்தக் கண்டுபிடிப்பு அவருக்குக் கிடைத்திருக்காது. மந்த வாயுக்கள் பாடத்தை நடத்தும் நாளிலேயே இதைச் சொல்லிவிடுங்கள்.

போபால் நிகழ்வை எந்தப் பாடத்தில் வைப்பது?

பெரும்பாலும் சுற்றுச்சூழல் பாடத்தின் ஒரு பத்தியாகப் போய்விடுகிறது. அதற்கு உரிய இடம் வினைவேகவியல். வெப்பநிலை உயர்ந்தால் வினைவேகம் எப்படி ஏறும் என்று அர்ரீனியஸ் சமன்பாட்டை நடத்தி முடித்த கையோடு 1984 டிசம்பர் 2 இரவுக்குப் போங்கள். யூனியன் கார்பைடு ஆலையில் பூச்சிக்கொல்லி தயாரிக்கப் பயன்பட்ட நச்சுத் திரவமான மீத்தைல் ஐசோசயனேட் சுமார் 40 டன் இருந்த தொட்டிக்குள் தண்ணீர் புகுந்தது. வினை வெப்பம் உமிழ்வது. வெப்பம் வேகத்தைக் கூட்டியது. கூடிய வேகம் மேலும் வெப்பம் தந்தது. அந்தத் திரவத்தின் கொதிநிலையோ 39 டிகிரிதான். தொட்டியைக் குளிர்விக்க வேண்டிய குளிரூட்டும் அமைப்பு சில மாதங்களுக்கு முன்பே நிறுத்தப்பட்டிருந்தது. வாயுவை எரித்து அழிக்க வேண்டிய கோபுரத்தின் குழாய் பழுதுபார்ப்புக்காகக் கழற்றப்பட்டிருந்தது.

இப்போது பிள்ளைகளிடம் கேளுங்கள்: குளிரூட்டியை நிறுத்தலாம் என்று கையெழுத்திட்ட மேசையில் நீங்கள் உட்கார்ந்திருந்தால், எந்தச் சமன்பாட்டைக் காட்டி மறுத்திருப்பீர்கள்? இறந்தவர்களும் நுரையீரல் கெட்டுப்போனவர்களும் ஆலையைச் சுற்றிக் குடிசைகளில் இருந்த ஏழைகள் என்பதையும் விட்டுவிட வேண்டாம்.

சாக்கடைத் தொழிலாளர் மரணங்களை வேதியியல் வகுப்பில் பேசலாமா?

பேசியே ஆக வேண்டும். உப்புப் பகுப்பாய்வில் சல்ஃபைடு சோதனை செய்யும்போது லெட் அசிட்டேட் தாள் கறுப்பதைப் பார்த்து எல்லோரும் மூக்கைப் பொத்துவார்கள். அந்த ஹைட்ரஜன் சல்ஃபைடுதான் சாக்கடைக் குழிகளிலும் கழிவுநீர்த் தொட்டிகளிலும் மனிதர்களைக் கொல்லும் முக்கிய வாயு. மூலக்கூறு நிறை 34. காற்றின் சராசரி 29. எனவே அது குழியின் அடியில் தங்குகிறது. செறிவு நூறு பிபிஎம் (பத்து லட்சத்தில் நூறு பங்கு) அளவைத் தாண்டினால் மூக்கு மரத்துப்போய் அழுகிய முட்டை நாற்றம் தெரியாமலாகும். நாற்றம் இல்லையே என்று நம்பி இறங்குகிறவர் மயங்கிவிழ, அவரைத் தூக்க இறங்குகிற அடுத்தவரும் விழுகிறார்.

மனிதரைக் கொண்டு மலம் அள்ள வைப்பதைத் தடைசெய்யும் சட்டம் 2013-இல் வந்தது. சாக்கடையில் இறப்போர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2023-இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. ஆனாலும் ஆள் இறங்குவது நிற்கவில்லை. யார் இறக்கப்படுகிறார்கள், ஏன் எப்போதும் ஒரே சாதியினர் என்று ஒரு பிள்ளை கேட்டால் பேச்சை மாற்றாதீர்கள். அந்தக் கேள்வி எழுந்ததே அந்தப் பாடவேளையின் வெற்றி.

கள்ளக்குறிச்சி மாதிரியான சம்பவங்களைச் சொல்லும்போது, வகுப்பில் பாதிக்கப்பட்ட வீட்டுப் பிள்ளை இருந்தால்?

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஹைட்ராக்ஸி சேர்மங்கள் பாடத்தில் மெத்தனாலைத் தாண்டும்போது இதைச் சொல்லாமல் போவது சரியில்லை. ஆனால் இறந்தவர்களைக் குற்றவாளிகளாக்கிப் பேசினால், குடிக்கும் தகப்பன் இருக்கிற எந்தப் பிள்ளையும் தலை குனியும்.

வேதியியலைப் பேசுங்கள். மெத்தனாலும் எத்தனாலும் பார்வைக்கும் மணத்துக்கும் ஏறக்குறைய ஒன்று. குடிப்பவரால் வேறுபடுத்த முடியாது. கல்லீரல் நொதி மெத்தனாலை ஃபார்மால்டிஹைடாகவும் பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. அமிலம் பார்வை நரம்பைத் தாக்குகிறது. அறிகுறிகள் பல மணி நேரம் கழித்தே தெரியலாம் என்பதால், வாந்தியும் பார்வை மங்கலும் வந்தால் ஒரு நிமிடமும் காத்திராமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். போலீஸுக்குப் பயந்து மறைத்தால் உயிர் போகும். ஒரு வீட்டையாவது காப்பாற்றக்கூடிய செய்தி இது. யார் வீட்டில் யார் குடிக்கிறார் என்ற பேச்சை மட்டும் தொடங்க விடாதீர்கள்.

பெற்றோரே தோல் ஆலையிலோ சாய ஆலையிலோ வேலை பார்க்கும் ஊரில் மாசு பற்றிப் பேசினால் எதிர்ப்பு வராதா?

வரலாம். குற்றஞ்சாட்டும் குரலில் பேசினால் கட்டாயம் வரும்.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வட்டாரத்துக்கு குரோமியம் ஒரு பாடநூல் தனிமம் அல்ல, சோறு போடும் தனிமம். தோல் பதனிடப் பயன்படுவது பெரும்பாலும் +3 ஆக்ஸிஜனேற்ற நிலையில் உள்ள குரோமியம் சல்ஃபேட். உடலுக்கு மிகக் கேடானது +6 நிலை. ராணிப்பேட்டையில் 1990-களில் மூடப்பட்ட ஒரு குரோமேட் ஆலை ஒரு லட்சம் டன்னுக்கும் அதிகமான கழிவை அங்கேயே விட்டுப்போனது. +6 குரோமியம் அதிலிருந்து நிலத்தடி நீரில் இறங்கியது. ஒரே தனிமம், ஆக்ஸிஜனேற்ற நிலை மாறியதும் வேறொரு பொருள். +6 குரோமியச் சேர்மமான டைகுரோமேட்டின் தயாரிப்பை நடத்தும்போது இதைவிட உயிருள்ள எடுத்துக்காட்டு கிடைக்காது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை நம் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது பாலாற்றை முன்வைத்துத்தான்.

பிறகு ஆய்வகத்தின் கழுவுத்தொட்டியைக் காட்டுங்கள். நம் ஆய்வகத்தில் மீந்த டைகுரோமேட் எங்கே போகிறது? அமிலக் கரைசலில் ஃபெரஸ் சல்ஃபேட் சேர்த்தால் ஆரஞ்சு பச்சையாகும். +6 நிலை +3 ஆகிவிட்டது. சுண்ணாம்பு நீர் சேர்த்தால் ஹைட்ராக்சைடாக வீழ்படியும். அதை வடித்துச் சேர்த்து வைக்கலாம். ஆலைக்காரரைக் கேள்வி கேட்பதற்கு முன் தன் கழிவைத் தானே கையாண்ட பிள்ளைக்குப் பேசும் உரிமையும் தெளிவும் வந்துவிடும். பெற்றோரும் இதை எதிர்த்ததை நான் பார்த்ததில்லை.

இப்படியே போனால் வேதியியல் என்றாலே விஷம் என்று பிள்ளைகள் நினைத்துவிட மாட்டார்களா?

நல்ல கேள்வி. அதனால்தான் ஆண்டுத் திட்டத்தில் மீட்பின் கதைகளும் சம அளவு இருக்க வேண்டும். குளோரோ ஃபுளூரோ கார்பன்கள் ஓசோனைத் தின்னும் என்று மரியோ மோலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் 1974-இல் எழுதினார்கள். தயாரிப்பு நிறுவனங்கள் எதிர்த்தன. 1987-இல் மாண்ட்ரியால் உடன்படிக்கை வந்தது. ஓசோன் அடுக்கு இப்போது மெல்ல மீண்டு வருகிறது. பூமியின் வயதைக் கணித்த கிளேர் பேட்டர்சன், தன் மாதிரிகளில் எங்கிருந்தோ வந்து சேர்ந்த ஈயத்தைத் துரத்திப்போய், பெட்ரோலில் கலந்த ஈயத்துக்கு எதிரான சாட்சியாக நின்றார். இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000-இல் நிறுத்தப்பட்டது.

நம் பக்கத்தில் தருமபுரி, கிருஷ்ணகிரி. கரைசல்கள் பாடத்தில் பிபிஎம் கணக்கை அங்கிருந்தே எடுங்கள். குடிநீரில் ஃபுளூரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. 3 மில்லிகிராம் உள்ள கிணற்றுநீரை நாளுக்கு 3 லிட்டர் குடிப்பவருக்கு எவ்வளவு சேர்கிறது? பல் கறையும் எலும்பு வளைவும் கணக்கில் விடையாக வந்து நிற்கும். அந்த மாவட்டங்களுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஏன் தேவைப்பட்டது என்பதும் புரியும்.

ஆய்வகத்தில் குழு பிரிப்பதில் கவனிக்க ஏதாவது உண்டா?

உண்டு. பையன்கள் பியூரெட்டைப் பிடிக்க, பெண் பிள்ளைகள் அளவீடு எழுதி, கடைசியில் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவுவது பல பள்ளிகளில் யாரும் சொல்லாமலே நடக்கிறது. சுழற்சிப் பட்டியல் ஒட்டுங்கள். கழுவும் முறை எல்லோருக்கும் வரட்டும். தெரு, சாதி பார்த்துக் கூடிக்கொள்ளும் குழுக்களை வருகைப்பதிவு எண்ணைக் கொண்டு கலைத்துவிடுங்கள். ஆய்வக உதவியாளரைப் பெயரோடு 'அண்ணா', 'அக்கா' என்று அழைக்கப் பழக்குங்கள்.

பொதுத்தேர்வு நெருக்கடியில் இதற்கெல்லாம் நேரம் ஏது?

மேலே சொன்ன திட்டம் ஆண்டுக்கு ஆறேழு பாடவேளைகளைத்தான் கேட்கிறது. அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு வைக்காதீர்கள். திருப்புதல் தேர்வுகள் எல்லாவற்றையும் விழுங்கிவிடும். ஜூலை முதல் நவம்பருக்குள் முடித்துக்கொள்ளுங்கள். ஆய்வகப் பழக்கங்களுக்குத் தனி நேரமே வேண்டாம்.

விழுமியத்துக்கு மதிப்பெண் போடலாமா?

வேண்டாம். நேர்மைக்கு மதிப்பெண் என்று அறிவித்த நாளிலிருந்து நேர்மைபோல நடிப்பது எப்படி என்று பிள்ளைகள் கற்றுக்கொள்வார்கள். வாதத்தை மதிப்பிடலாம். 'பேரியம் நைட்ரேட் பட்டாசுக்கு 2018-இல் உச்ச நீதிமன்றம் விதித்த தடை சரியா?' என்று கேட்டு, ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். பச்சை நிறம் எங்கிருந்து வருகிறது, பேரியம் உடலில் என்ன செய்யும், சிவகாசித் தொழிலாளியின் கூலிக்கு என்ன வழி என்ற மூன்றையும் தொட்டிருக்கிறதா என்று பாருங்கள். எந்த முடிவுக்கு வந்தாலும் மதிப்பெண் ஒன்றுதான்.

ஒன்பது, பத்தாம் வகுப்பு எடுப்பவர்கள் என்ன செய்யலாம்? எங்கள் பள்ளியில் ஆய்வகமும் சரியாக இல்லை.

பள்ளிக் குழாய்த் தண்ணீர் ஒன்று போதும். அமிலம், காரம் பாடத்தின்போது மஞ்சள்தூள், செம்பருத்திச் சாறு கொண்டு சோதிக்கலாம். சோப்பு நுரையை வைத்துக் கடினத்தன்மை பார்க்கலாம். குடிநீர் வாரியத்தின் களச் சோதனைப் பெட்டி உங்கள் ஊராட்சியில் இருந்தால் கேட்டு வாங்கி, ஃபுளூரைடு, குளோரைடு, நைட்ரேட் அளவுகளைப் பிள்ளைகளே எடுக்கட்டும். எடுத்ததை அப்படியே, தேதியும் கிணற்றின் பெயரும் போட்டு, ஊராட்சித் தலைவருக்குக் கடிதமாக எழுதச் சொல்லுங்கள். அளவு நன்றாக இருந்தாலும் எழுதட்டும், மோசமாக இருந்தாலும் எழுதட்டும். கடிதத்தின் ஒரு படியைப் பள்ளியில் வைத்துக்கொண்டு, அடுத்த ஆண்டு வகுப்பு அதே கிணறுகளில் மறுபடி அளக்கட்டும்.